அருள்நினைவும் துணையிசையும்

உள்ளம் உருகுதல் ஒன்று. உள்ளம் திருந்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதி யாம் சின்னாள் மயங்கியிருந்தோம். அம்மயக்கம் எங்ஙனம் உண்டாயிற்று, எங்ஙனம் ஒருவாறு நீங்கிற்று என்பதனைக் கல்லூரித் தோழர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், இவண் பயின்று சென்ற மூத்தோர்க்கும் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறர்பால் அருள் சுரக்குமாறு கண்மூடி நினைந்திருக்கும் வேளையில் பின்னணியாக இன்னிசை ஒலித்தல் தகுமா, தகாதா என்னும் வினா பலர்க்குச் சிறியதாய்த் தோன்றலாம். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று.

இவ்வாண்டு லெந்து காலத்தில், புதன்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, விடுதி மாணவர் இருபதின்மர் எம் கல்லூரிச் சிற்றாலயத்திற் கூடினோம். கல்லூரிக் குருவானவர் எங்களை அரைமணி நேரம் கண்மூடி அமரச்செய்து, ஒருவர்பின் ஒருவராக நால்வரை நினைக்கச் சொல்வார். முதலாவது, தன்னை, இரண்டாவது, தனக்கு அன்பு செய்தார் ஒருவரை, மூன்றாவது, விருப்பும் வெறுப்பும் கொள்ளாத அயலார் ஒருவரை, நான்காவது, தனக்குத் தீங்கிழைத்தார் என்று தான் கருதும் ஒருவரை. ஒவ்வொருவரையும் எதிரே கண்டாற்போல நினைந்து, அவர் துன்பம் நீங்குக, அச்சம் நீங்குக, அமைதி பெறுக என உள்ளத்தால் வாழ்த்துதல் வேண்டும்.

இம்முறை பௌத்தருடைய மைத்திரி பாவனையிலிருந்து வந்தது என்பதைக் குருவானவர் மறைக்கவில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் இயற்றிய ‘விசுத்திமக்கம்’ என்னும் பாலி நூல், தன்னிடம் தொடங்கிப் பகைவன்வரை செல்லும் இவ்வரிசையை விரித்துக் கூறுகின்றது. “பகைவரை நேசிக்கவேண்டும் என்பது நம் ஆண்டவர் கட்டளை. அதற்குரிய பயிற்சி எங்கே கிடைப்பினும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம்” என்றார் அவர்.

விடுதியின் ஆரவாரம் சிற்றாலயத்துள்ளும் புகுவதுண்டு. பந்தாடுவோர் கூச்சலும், தண்ணீர் இறைக்கும் பொறியின் இரைச்சலும் எம் நினைவைக் குலைத்தன. ஆதலின் இசைப் பயிற்சியுடைய தோழர் ஒருவர், தம் கைப்பேசியை மின்னிணைப்புள்ள ஒலிபெருக்கி ஒன்றோடு சேர்த்துப் புல்லாங்குழலிசையை மெல்ல ஒலிக்கச் செய்தார். அது நீலாம்பரி, தாலாட்டுக்கு உரியதென்று பலரும் கொள்ளும் இராகம். சொல் இல்லை, தாளக் கருவியும் இல்லை.

முதல்நாளே அதன் பயன் தெரிந்தது. ஓடிய மனம் நின்றது, மூச்சு நீண்டது. தேர்வைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் எம்மை அரித்துக்கொண்டிருந்த அச்சம் சிறிது தளர்ந்தது. இரண்டாமவராக எம் தாயாரை நினைந்தோம். மூன்றாமவராக, உணவுக்கூடத்தில் நாள்தோறும் எமக்குச் சோறிடும் மூதாட்டியை நினைந்தோம்; இரண்டாண்டாக அவர் கையால் உண்டும் அவர் பெயரை யாம் அறியோம் என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது. நான்காமவராக எம் சிற்றப்பாவை நினைந்தோம்.

சிற்றப்பாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தேரிக்காட்டை அடுத்த எம் சிற்றூரில் பாட்டனார் கட்டிய வீடு ஒன்றே. அதனை நடுவே சுவரெழுப்பி இரண்டாக்கி, ஒரு பாதியில் எம் தந்தையாரும் மறுபாதியில் சிற்றப்பாவும் வாழ்கின்றனர். பாட்டனார் மறைந்தபின், பனைவிளை ஒன்றைப் பங்கிடுங்கால் பூசல் விளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஊரார் வெளிவரும் ஆலய வாயிலில், சிற்றப்பா எம் தந்தையாரைக் கள்வர் என்று கூறிவிட்டார். அன்று எமக்கு வயது பதினைந்து. தந்தையார் மறுமொழி கூறாது தலை குனிந்து, எம் கையைப் பற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கை வழிநெடுக நடுங்கியதை யாம் மறக்கவில்லை.

அதன்பின் நான்காண்டாக இரு வீட்டார்க்கும் பேச்சில்லை. ஆயின் பாட்டு உண்டு. மாலை ஏழு மணிக்கு இரு வீட்டிலும் குடும்ப ஜெபம் நிகழும். அவர்கள் பாடும் கீர்த்தனை எங்கட்குக் கேட்கும். எங்கள் கீர்த்தனை அவர்கட்குக் கேட்கும். சில நாட்களில் இரு புறத்தும் ஒரே கீர்த்தனை ஒலிக்கும். அங்ஙனம் நேருங்கால் எம் தந்தையார் குரலை உயர்த்துவார். சுவருக்கு அப்பாலும் குரல் உயரும். இராகம் ஒன்று, தாளம் ஒன்று. நெஞ்சம் மட்டும் இரண்டு. அக்காலத்தில் இதன் பொருளை யாம் சிறிதும் எண்ணிப் பார்த்ததில்லை.

இத்தகைய சிற்றப்பாவைக் குழலிசையின் நடுவே நினைந்தபொழுது எம் கண்கள் நீர் சொரிந்தன. மன்னித்துவிட்டோம் என்றே எண்ணினோம். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அவ்வாறே நிகழ்ந்தது. புதன்கிழமை எப்பொழுது வரும் என்று காத்திருக்கலானோம். அழுது முடித்து வெளிவருங்கால் உள்ளம் கழுவினாற்போல இருக்கும். எம்மை யாமே சிறிது மெச்சிக்கொண்டதும் உண்டு.

மூன்றாம் புதனன்று இரவு எம் தாயார் கைப்பேசியில் அழைத்தார். சிற்றப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டதென்றும், திருநாளுக்கு முன் அறுவை செய்ய நாள் குறித்திருக்கின்றனர் என்றும், அவர் மகன் வெளிநாட்டில் இருத்தலின் உதவிக்கு ஆளில்லை என்றும், சித்திக்குக் கை நடுங்குதலால் சொட்டு மருந்து இடவும் இயலாதென்றும் கூறினார். “அதற்கு நமக்கென்ன, அம்மா?” என்றோம். அச்சொல் வெளிப்பட்ட விரைவு எம்மையே திடுக்கிடச் செய்தது. அன்று மாலை அழுத கண்ணின் சிவப்பு இன்னும் மாறவில்லை. தாயார் சிறிது நேரம் வாளாவிருந்து, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் வினவி முடித்துக்கொண்டார்.

அவ்வாரத்தில் எம் வகுப்பில் பொருநராற்றுப்படை பாடமாயிருந்தது. முடத்தாமக்கண்ணியார் கரிகாற்பெருவளத்தானைப் பாடிய அப்பாட்டின் முற்பகுதியில் யாழின் சிறப்புக் கூறப்படுகின்றது. வழிப்போவாரை அலைக்கும் கள்வரும் அந்த யாழில் எழும் பாலையைக் கேட்பின் தம் படைக்கலத்தைக் கைவிடுவர். அருளுக்கு மாறான மறம் அவரைவிட்டு அகலும் என்பது புலவர் கருத்து. இசைக்கு இதனினும் உயர்ந்த புகழ் வேண்டுவதில்லை. கள்வர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எமக்கு ஆலய வாயில் நினைவிற்கு வந்தது என்பதையும் ஒளியாது கூறுகின்றோம்.

ஆயின் அகநானூற்றின் 102ஆம் பாட்டிலே வேறொரு காட்சி உண்டு. தினைப்புனத்தில் மேய வந்த களிறொன்று, கொடிச்சி பாடும் குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுக் கதிரையும் உண்ணாது, நின்ற நிலையினின்றும் பெயராது, அவ்விடத்தே உறங்கிவிடுகின்றது. இரண்டு இடத்தும் கேட்கப்பட்டது இன்னிசை. இரண்டு இடத்தும் தீங்கு தடைப்பட்டது. எனினும் வேறுபாடு பெரிது. கள்வன் விழித்திருந்து தன் படையைக் கீழே இட்டான்; களிறோ உறங்கிற்று. உறக்கம் தெளிந்தபின் தினைக்கதிரும் அங்கே இருக்கும். களிற்றின் பசியும் அங்கே இருக்கும். சிற்றாலயத்தில் குழலிசை கேட்டு அழுத யாம் அக்கள்வனைப் போன்றேமா, அக்களிற்றைப் போன்றேமா? தாயாரிடம் கூறிய சொல்லே இதற்கு விடையாயிற்று.

திருமறையிலும் இவ்வுண்மை காணப்படுகின்றது. பொல்லாத ஆவி சவுல் அரசனைக் கலக்குந்தோறும் தாவீது சுரமண்டலம் வாசிப்பான், அரசன் ஆறுதலடைவான் என்பதை ஓய்வுநாட் பள்ளியில் யாவரும் கற்றிருப்போம். சாமுவேலின் முதற் புத்தகம் 16ஆம் அதிகாரம் இதனைக் கூறுகின்றது. அதே புத்தகத்தின் 18ஆம் 19ஆம் அதிகாரங்களைப் பலர் இதனோடு சேர்த்து நினைப்பதில்லை. தாவீது அதே கையால் வாசித்துக்கொண்டிருக்கும்பொழுதே சவுல் அவன்மேல் ஈட்டியை எறிகின்றான். இசை நின்றமையால் நேர்ந்த தீங்கன்று அது. இசை ஒலித்துக்கொண்டிருந்த அறையிலேயே பொறாமை தன் படைக்கலத்தை எடுத்தது. ஆறுதல் பெற்ற நெஞ்சமெல்லாம் அருள் பெற்ற நெஞ்சம் ஆகிவிடுவதில்லை.

நான்காம் புதன்கிழமை வந்தது. மூன்றாமவரை நினைந்துகொண்டிருந்தபொழுது மின்சாரம் நின்றது. விசிறிகளும் குழலிசையும் ஒருங்கே ஓய்ந்தன. குருவானவர், “அப்படியே இருப்போம். இனி நான்காமவர்” என்று மட்டும் கூறினார்.

அன்று எமக்குக் கண்ணீர் வரவில்லை. புழுக்கமும், கொசுவும், யாரோ ஒருவர் இருமலுமே இருந்தன. சிற்றப்பாவின் முகத்தை நினைக்க முயன்றோம். வந்தது எம் தந்தையாரின் நடுங்கிய கை. வாழ்த்துச் சொல் எழவில்லை. “கண் மங்கிப்போகட்டுமே” என்றோர் எண்ணம் உள்ளே தலைகாட்டிற்று. அது பிறர் எண்ணமன்று, எம்முடையதே என்று உணர்ந்து அஞ்சினோம். மூன்று வாரமாக அது உள்ளேதான் இருந்தது. குழலிசை அதனைப் போர்த்து வைத்திருந்தது. இப்பொழுது போர்வை நீங்கவே, எம் முன்னே அது வெளிப்பட நின்றது.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றிற்று. பிறர் இருந்தமையால் யாமும் இருந்தோம். நெடுநேரம் சென்றபின் மற்றொரு நினைவு வந்தது. எமக்கு ஐந்தாறு வயதிருக்கும். சிற்றப்பா எம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேரியின் செம்மணல் மேட்டில் நின்று, தொலைவில் கடலிற் செல்லும் தோணி ஒன்றைச் சுட்டிக்காட்டுகின்றார். எமக்குத் தெரியவில்லை. “நன்றாகப் பார், மக்கா” என்று எம் முகவாயைப் பிடித்துத் திருப்புகின்றார். எமக்குத் தோணியைக் காட்டிய கண்களே இப்பொழுது மங்குகின்றன. அன்று யாம் மன்னித்துவிட்டோம் என்று கூறமாட்டோம். “அவர் கண் தெளிக” என்னும் மூன்று சொல் மட்டும், வறண்ட நெஞ்சிலிருந்து, அரிதின் எழுந்தது. அதில் இனிமை ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று வாரத்துக் கண்ணீரினும் அது மெய்யானது என்பதில் எமக்கு ஐயமில்லை.

இதனால் இசையைப் பழிக்கின்றோம் என நேயர்கள் கருதற்க. கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த புனித அகுஸ்தீன், தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் பத்தாம் பகுதியில் இவ்விடரை ஆராய்கின்றார். பாடப்படும் பொருளினும் பாட்டே தம்மை மிகுதியாக அசைக்குமாயின் அது தமக்குக் குற்றமென்று வருந்துகின்றார். அலெக்சாந்திரியப் பேராயர் அத்தனாசியு சங்கீதங்களைப் பாட்டினும் பேச்சையே ஒக்கும் குரலில் ஓதச் செய்தார் எனத் தாம் கேள்வியுற்றதையும் குறிக்கின்றார். எனினும், தாம் விசுவாசத்திற்குத் திரும்பிய நாட்களில் ஆலயப் பாடல்களைக் கேட்டுச் சிந்திய கண்ணீரை நினைந்து, இசையை முற்றும் விலக்க அவர் ஒருப்படவில்லை. எலிசா தீர்க்கதரிசியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. இஸ்ரவேல் அரசன்மேல் சினந்து பேசிய அவர், சுரமண்டலம் வாசிப்பவன் ஒருவனை அழைப்பித்தார். அவன் வாசித்தபின் தேவ வாக்கு எலிசாவுக்கு உண்டாயிற்று. அந்த வாக்கோ, பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டுங்கள் என்பது. இசை சினத்தைத் தணித்தது. தணிந்தபின் செய்யவேண்டிய வேலை இருந்தது.

இக்கால மருத்துவரும் இசைக்குப் பிந்திய மௌனத்தை ஆராய்ந்துள்ளனர். இத்தாலி நாட்டுப் பாவியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூசியானோ பெர்னார்டி என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும், இசைப் பயிற்சி உடையார் 12 பேரையும் இல்லார் 12 பேரையும் கொண்டு நடத்திய ஆய்வை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விரைந்த இசை கேட்குங்கால் மூச்சும் நாடித்துடிப்பும் விரைந்தன. இசைகளுக்கிடையே 2 நிமிட மௌனம் விடப்பட்டபொழுதோ, அவை இசை தொடங்குமுன் இருந்த அளவினும் தாழ்ந்து அமைந்தன. உடல் மிகவும் அடங்கியது இசையின்போது அன்று, இசைக்குப் பின் வந்த அமைதியிலே என்பது இதனால் பெறப்படும்.

ஆதலின் ஐந்தாம் புதன்முதல் எம் குழுவினர் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டோம். தொடக்கத்தில் குழலிசை உண்டு. அது புறத்து ஓசையை மறைக்கும். ஓடிவந்த மனத்தை இருத்தும். தன்னைத் தானே நினைத்தற்கும் அஞ்சும் நெஞ்சினர் சிலர் உளர். அவர் முதற்படி ஏறுதற்கு அது கைக்கோலாகும். சொல்லமைந்த பாட்டை விலக்கினோம். சொல் நினைவைத் தன்வழி இழுத்துச் செல்லும். பழகிய கீர்த்தனையின் மெட்டையும் விலக்கினோம்; அது நம்மை நம் வீட்டிற்கும் பழைய நாட்களுக்கும் கொண்டுபோய்விடும். ஒலி, அடுத்திருப்பார் மூச்சு கேட்கும் அளவினதாய் இருக்கும். மூன்றாமவரோடு இசை நிற்கும். நான்காமவரை மௌனத்திற் சந்திப்போம். குழலிசை தந்த தோழர் இம்மாற்றத்தால் மனம் நோவாரோ என்று அஞ்சினோம். அவரோ, “கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதானே எது மனத்தில் நின்றது என்று தெரியும்” என்றார்.

மௌனமும் முடிவன்று. ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட மரபில், மாதவியின் மகளாய்ப் பிறந்தவள் மணிமேகலை. அவள் அருளறம் மேற்கொண்டபொழுது கையில் ஏந்தியது யாழன்று, அமுதசுரபி. காயசண்டிகையின் தீராப்பசி தீர்ந்தது அவள் இட்ட சோற்றால். கண்மூடி நினைந்ததைக் கண்திறந்தபின் செய்யாவிடின், அந்நினைவு யாருக்குப் பயன்பட்டது?

உயிர்த்தெழுந்த திருநாள் விடுமுறைக்கு ஊர் சென்றோம். சிற்றப்பாவுக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்திருந்தது. நாளொன்றுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து இடவேண்டும். தந்தையாரிடம் கேட்டோம். அவர் செய்தித்தாளினின்றும் பார்வையை எடுக்காமல், “உன் விருப்பம்” என்றார். தடுக்காததே பெரிது என்று கொண்டு, நான்காண்டுக்குப்பின் அவ்வாயிற்படி ஏறினோம். சித்தி ஒன்றும் பேசாமல் மருந்துக் குப்பியை எம் கையில் தந்தார்.

அன்று மாலை ஏழு மணிக்குச் சிற்றப்பாவை நாற்காலியில் தலைசாய்த்து இருத்தி, கீழிமையை மெல்ல இழுத்து மருந்திடுங்கால், சுவருக்கு அப்பாலிருந்து எம் வீட்டுக் கீர்த்தனை எழுந்தது. நினைவு தெரிந்த நாள்முதல் கேட்ட குரல். ஆயின் சுவரின் இப்புறத்திருந்து கேட்டது அதுவே முதன்முறை. சிற்றப்பா இமைமூடியபடியே கேட்டிருந்தார். “மக்கா, அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா?” என்றார். “இல்லை, சித்தப்பா” என்றோம். “சுருதி இறங்கியிருக்கிறதே” என்றார். இப்புறத்தில் எதிர்த்துப் பாடுவார் இல்லாமையால் தந்தையார் குரலை உயர்த்தவில்லை போலும். யாம் அதனைக் கூறவில்லை. எம் கருத்தெல்லாம் துளி கண்ணில் விழுகின்றதா, கன்னத்தில் வழிகின்றதா என்பதிலேயே இருந்தது.

புறநானூற்றில் அரிசில்கிழார் பாட்டொன்றில், போரிற் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்கும் மகளிர், மனையில் வேம்பின் தழையைச் செருகி, யாழும் பல்லியமும் ஒலிக்க, ஐயவி சிதறிக் காஞ்சி பாடுகின்றனர். ஆண்டு இசை பின்னே ஒலிக்கின்றது. புண்பட்டவன் முன்னே கிடக்கின்றான். காப்போர் கருத்து அவன்மேல் உள்ளது. துணையிசைக்கு உரிய இடம் இதுவே என்று அந்த மாலையில் அறிந்தோம்.

ஆறு நாள் மருந்திட்டுக் கல்லூரிக்குத் திரும்பினோம். அப்பணியை இப்பொழுது எம் தாயார் செய்துவருகின்றார். தந்தையாரும் சிற்றப்பாவும் இன்னும் பேசவில்லை. ஆலய வாயிலில் கேட்ட சொல்லும் எமக்கு முற்றும் மறந்துவிடவில்லை. நான்காமவரின் வரிசையில் சிற்றப்பா இன்னும் இருக்கின்றார். உணவுக்கூட மூதாட்டியின் பெயரை மட்டும் கேட்டறிந்துகொண்டோம்.

அருளை அன்பு பெற்ற பிள்ளையாகக் காண்கின்றார் திருவள்ளுவர். பிள்ளைக்குத் தாலாட்டு வேண்டும். அதனை யாரும் மறுக்கமாட்டார். ஆயின் பிள்ளை நடைபயில்வது தாலாட்டு நின்று, விழித்தெழுந்த பின்னரே அன்றோ?